ரத்தத்தைக் கழுவினால் உயிர் மீளுமா?

உடலுக்குள் புகுந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பும் எதிர்ப்பாற்றல் கட்டுமீறிப்போய், சிறுநீரகம், நுரையீரல், கல்லீரல் என்று ஒவ்வோர் உறுப்பாகச் செயலிழக்க வைப்பதுதான் செப்சிஸ். கெட்டதெல்லாம் ரத்தத்தில் ஓடுகிறதென்றால், ரத்தத்தையே வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்பினால் என்ன? யாருக்கும் தோன்றக்கூடிய கேள்விதான்.

ஜப்பான் அதைக் கருவியாகவே செய்து காட்டியது. பாலிமிக்சின்-பி என்பது பழைய ஆன்டிபயாடிக். சிலவகை பாக்டீரியாக்களின் மேலுறையிலிருந்து கசியும் எண்டோடாக்சின் என்ற நச்சை அது இறுகப் பற்றிக்கொள்ளும். ஆனால் ஊசியாக ஏற்றினால் சிறுநீரகத்தையும் நரம்பையும் பதம் பார்க்கும். அதனால் மருந்தை இழைகளில் பிணைத்து ஒரு குழலுக்குள் அடைத்தார்கள். டயாலிசிஸ் போலவே ரத்தம் வெளியே வந்து, இரண்டு மணி நேரம் அந்த இழைகளினூடே ஓடித் திரும்பும். நச்சு பிடிபடும்; மருந்து உடலுக்குள் போகாது. எத்தனை அழகான யோசனை! 1994-லேயே ஜப்பானில் இதற்குக் காப்பீடும் கிடைத்தது.

2009-ல் இத்தாலியிலிருந்து வந்த ஆய்வு உலகையே நிமிர்ந்து பார்க்கவைத்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் 53 சதவீதம். கருவியும் சேர்ந்தவர்களில் 32. ஆனால் மொத்த நோயாளிகளே 64 பேர்தான். பலன் தெரிகிறதென்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கேதான் எனக்கு மனம் உறுத்துகிறது. இத்தனை சிறிய கூட்டத்தில் தற்செயலும் பலனைப் போலவே தோற்றம் காட்டும்.

பிரான்ஸில் 232 பேரிடம் சோதித்தபோது கருவி பெற்றவர்களிடம் இறப்பு குறையவில்லை. வட அமெரிக்காவில் 450 பேரைச் சேர்த்தார்கள். ரத்தத்தில் எண்டோடாக்சின் மிகுந்தவர்களை மட்டுமே எடுத்தார்கள். கருவி பொருத்தப்படாத பிரிவினருக்குக் கருவி ஓடுவதுபோல் பாவனையும் செய்தார்கள். 2018-ல் வெளியான முடிவில் இறப்பு 37.7 சதவீதமும் 34.5 சதவீதமும். கருவி பெற்றவர்களுடையது முதல் எண்.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் நடந்தது இன்னும் வலிக்கிறது. ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்ஸிஜன் ஏற்றும் எக்மோ கருவியில் இருந்த 34 கொரோனா நோயாளிகளில் பாதிப் பேருக்கு சைட்டோசார்ப் என்ற வேறு வடிகட்டியைப் பொருத்தினார்கள். முப்பதாம் நாளில் வடிகட்டி பெற்ற 17 பேரில் மூவரும், பெறாத 17 பேரில் 13 பேரும் உயிரோடிருந்தார்கள். இதுவும் சிறிய ஆய்வுதான். ஆனாலும் வடிகட்டிக்கு நல்லது கெட்டது தெரியாது. உடலுக்கு வேண்டியதையும், ஏற்றிய ஆன்டிபயாடிக்கையும்கூட அது உறிஞ்சிவிடலாம்.

2021-ல் வெளியான சர்வதேச செப்சிஸ் வழிகாட்டி பாலிமிக்சின் முறையைப் பரிந்துரைக்கவில்லை. மற்ற வடிகட்டிகளுக்குப் போதிய ஆதாரமில்லை என்றது. அதே வழிகாட்டி, செப்சிஸால் ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றச் சொல்கிறது. ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பத்திடம் விலையுயர்ந்த வடிகட்டிக்குக் கையெழுத்துக் கேட்டால், “முதல் ஆன்டிபயாடிக் எப்போது போட்டீர்கள்? கிருமி எங்கிருந்து வருகிறது? அங்கே சீழ் இருந்தால் எடுத்துவிட்டீர்களா?” என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.