ரெக்கார்டு நோட்டும் இரண்டாவது தட்டும்

களத்தில் நிற்பவர்கள் – 9

எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலைப் படிப்பில் தாள்களில் கோட்டைவிட்டவர்கள் எந்தக் கல்லூரியிலும் உண்டு. புள்ளியியலில் அரியர், ஆராய்ச்சி முறைகளில் அரியர் என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். களப்பணியில் தோற்றவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வருகைப்பதிவு போதாமல் நின்றவர் இருக்கிறார். நோட்டை ஒப்படைக்காமல் நின்றவரும் இருக்கிறார். “இந்தப் பிள்ளைக்கு மனுசங்களோட வேலை செய்ய இன்னும் பிடிபடலை, இன்னொரு ஆறு மாசம் போகட்டும்” என்று நிறுத்திவைக்கப்பட்ட ஒருவரை நெல்லைச் சீமையில் நான் இதுவரை சந்தித்ததில்லை.

எல்லோருமே கெட்டிக்காரர்கள் என்றால் சந்தோஷம்தான். ஆனால் அந்த மதிப்பெண் எப்படி விழுகிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

வழக்கமான ஏற்பாடு இது: வாரத்தில் இரண்டு நாள் மாணவர் ஒரு தொண்டு நிறுவனத்துக்கோ, மருத்துவமனைக்கோ, பள்ளிக்கோ, அரசு இல்லத்துக்கோ போகிறார். அங்கே ஒரு நிறுவன மேற்பார்வையாளர், கல்லூரியில் ஒரு துறை ஆசிரியர். போய்வந்த ஒவ்வொரு நாளுக்கும் அறிக்கை எழுத வேண்டும். வாரத்துக்கொரு தனிச்சந்திப்பு, ஒரு குழுச்சந்திப்பு. மாணவர் பேச்சில் அவை ஐ.சி., ஜி.சி. இடையில் ஒரு கிராம முகாம். கடைசிப் பருவத்தில் ஒரு மாதம் போல முழுநேர பிளாக் பிளேஸ்மெண்ட். எல்லாம் முடிந்ததும் வைவா. வைவாவுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர் மாணவரைக் களத்தில் பார்த்தவர் இல்லை. அவர் முன்னால் இருப்பது அட்டை போட்டு, சீல் குத்தி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கிய ஒரு நோட்டு. கையெழுத்து அழகாகவும் அறிக்கை ஒழுங்காகவும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கார் ஓட்டக் கற்றவரிடம் ‘எப்படி ஓட்டினாய் என்று எழுதிக் கொடு’ என்று எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் கேட்பதில்லை, எட்டுப் போடச் சொல்கிறார்கள். நாம் சமூகப்பணியாளரை எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எழுதுவது வீண் என்று சொல்லவரவில்லை. நடந்த உரையாடலை நினைவிலிருந்து மீட்டு, ‘அவர் அப்படிச் சொன்னபோது நான் ஏன் பேச்சை மாற்றினேன்’ என்று தன்னையே கேட்டு எழுதும் பழக்கம், இந்தத் தொழிலின் பழைய, நல்ல பழக்கம். 1936இல் பம்பாயில் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் தொடங்கிய டாடா சமூகப்பணிப் பள்ளியிலும் சரி, 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் சென்னையில் எழுந்த சமூகப்பணிக் கல்லூரியிலும் சரி, களம்தான் படிப்பின் முதுகெலும்பு. 1098 என்று நாம் அறிந்த குழந்தைகள் உதவி எண்கூட, 1996இல் அந்த டாடா கல்வி நிறுவனத்தின் களத்திட்டமாகப் பிறந்ததுதான். குழந்தைகள் பெயரைச் சொல்லி அரசு நடத்தும் ஒரு சேவையின் வேர் ஒரு கல்லூரியின் களப்பணியில் இருக்கிறது. அவ்வளவு கனமான சமாச்சாரத்தை நோட்டு ஒப்படைப்பாகச் சுருக்கிவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

முக்கூடல் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக் கரையில் பாதி ஊர் பீடி சுற்றும் ஊர். மாணவி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார். அந்த அக்கா மடியில் தட்டு. நனைத்து ஈரத்துணியில் பொதிந்துவைத்த இலை, அளவுத்தகடு, கத்தரிக்கோல், தூள், நூல். இலையை வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடக்கிவிட்டு அடுத்தது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலத்துக்குள் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். அங்கே கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லை என்று கழிப்பார்கள்.

மாணவி நோட்டைத் திறக்கிறார். “உங்க குடும்ப வருமானம் எவ்வளவு?” அக்கா நிமிராமலே, “அது கெடக்கு பிள்ள, நீ எந்த ஊரு?” என்கிறார்.

அன்றைய அறிக்கையில் இப்படி வரும்: ‘பயனாளியுடன் நல்லுறவு ஏற்படுத்தப்பட்டது. குடும்ப வருமானம் போதவில்லை. மூத்த மகள் பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கிறாள். கல்வியின் முக்கியத்துவம் குறித்து ஆலோசனை வழங்கப்பட்டது.’ ஆசிரியர் சிவப்பு மையில் ‘நன்று’ என்று எழுதுவார். குறைசொல்ல அதில் என்ன இருக்கிறது?

அதே வீட்டுக்கு இன்னொரு மாணவி போகிறார். நோட்டைப் பையிலேயே விட்டுவிட்டு, வெளிச்சத்தை மறைக்காமல் ஓரமாக உட்கார்கிறார். அக்கா கை ஓடட்டும் என்று கேள்விகளைச் சின்னதாக்கிக்கொள்கிறார். சுவரில் சாத்திவைத்த இரண்டாவது தட்டு அவர் கண்ணில் படுகிறது. தட்டு இரண்டு, பீடிக்கணக்கு எழுதும் பாஸ்புத்தகம் ஒன்று. மகள் சுற்றுவதும் அம்மா கணக்கில்தான் போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை முகத்தில் காட்டவில்லை. மகள் சாப்பாட்டுக்கு வந்தபோது, எந்தப் பள்ளியில் படித்தாள் என்று மட்டும் விசாரிக்கிறார். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவள் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் கல்வி உதவித்தொகை தனியாக இருக்கிறது. இதையெல்லாம் அன்றைக்கே கொட்டாமல், எந்தக் காகிதம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று கேட்டுக்கொண்டு எழுந்திருக்கிறார். அவருடைய அறிக்கையில் அரைப்பக்கம்கூடத் தேறாது. ‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்ற வரியும் இருக்காது.

இரண்டு பேரில் யாருக்கு மதிப்பெண் கூடுதலாக விழும்? நீங்களே சொல்லுங்கள்.

“நீ எந்த ஊரு?” என்ற கேள்வியை நாம் தாண்டி வந்துவிட்டோம். திரும்பிப் போவோம். நம் பக்கத்தில் ஊரைக் கேட்டால் அடுத்து தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் வேறு எதையும் சொல்ல வேண்டியதில்லை. மாணவி வீட்டைப் படிப்பதற்கு முன்னால் வீடு மாணவியைப் படித்துவிடுகிறது. அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறார்? மழுப்புகிறாரா, சொல்லிவிட்டுத் தண்ணீர் வருகிறதா என்று காத்திருக்கிறாரா, இல்லை சொன்னதும் கிடைக்கும் கூடுதல் மரியாதையில் சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறாரா? நெல்லையில் சமூகப்பணி செய்ய வருகிறவருக்கு இதைவிடப் பெரிய பரீட்சை வேறில்லை. நான் பார்த்த மதிப்பீட்டுப் படிவங்களில் நேரந்தவறாமைக்கு இடமிருக்கிறது, பணிவுக்கு இருக்கிறது, ‘தொடர்புத்திறன்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. இதற்கு ஒரு வரி இல்லை.

அமெரிக்காவில் சமூகப்பணிக் கல்விக் குழு முதுகலை மாணவருக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்கிறது. மாணவர் காட்ட வேண்டிய திறன்கள் ஒன்பது என்று பட்டியலிட்டும் வைத்திருக்கிறது. 2022இல் திருத்தியபோது இனவெறிக்கு எதிராகச் செயல்படுவதை அந்த ஒன்பதில் ஒன்றாகவே எழுதிவிட்டார்கள். எழுதியதால் இனவெறி ஒழிந்துவிடாது. ஆனால் மேற்பார்வையாளர் அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி ஒரு நிமிடம் யோசித்தாக வேண்டும். நம் படிவத்தில் சாதி அப்படி ஒரு இடத்தில் வந்தால்தான் ஐ.சி.யில் அதைப்பற்றிப் பேச்சே எழும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்தப் பிள்ளைகள் நாளைக்கு உட்காரப்போகிற நாற்காலிகள் அப்படிப்பட்டவை. சட்டத்தோடு மோதிய சிறுவனைப்பற்றி இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும் சமூக விசாரணை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு எப்படி, கூட்டாளிகள் யார், பள்ளியை ஏன் விட்டான் என்றெல்லாம் ஒருவர் நேரில் போய் விசாரித்து எழுத வேண்டும். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, 16 வயது நிறைந்தவன்மேல் கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், அவனைப் பெரியவர்போல் விசாரிக்கலாமா என்று முதல்கட்ட மதிப்பீடு நடக்கும். அதற்கு உளவியலாளர், உளசமூகப் பணியாளர்களின் உதவியைக் குழுமம் நாடலாம். அங்கே ‘நல்லுறவு ஏற்படுத்தப்பட்டது’ என்ற வரியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஒரு பையனின் பல வருடம் அந்தக் காகிதத்தில் தொங்குகிறது.

சரி, நிறுவன மேற்பார்வையாளர் ஏன் எல்லோருக்கும் நல்ல மதிப்பெண்ணே போடுகிறார்? அவர் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். திட்டப் பணம் எப்போது நிற்குமோ என்ற கவலையில் இருக்கிறவர் அவர். மாணவருக்குச் சொல்லித்தர அவருக்குத் தனிச் சம்பளம் இல்லை. வந்த பிள்ளைகள் ஆதார் நகல் எடுத்தார்கள், கணினியில் விவரம் ஏற்றினார்கள், கூட்டத்துக்கு நாற்காலி போட்டார்கள். வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்துபோனார்கள். அதற்கு நன்றிக்கடன் மாதிரி ஒரு மதிப்பெண். போதாததற்கு அடுத்த வருடமும் கல்லூரி பிள்ளைகளை அனுப்ப வேண்டும். இதில் அவரைக் கோபித்துப் பயனில்லை.

இது நமக்கு மட்டும் வந்த நோயும் இல்லை. டொரண்டோவில் மரியன் போகோ என்ற பேராசிரியரும் சகாக்களும் இதைத்தான் பல வருடம் ஆராய்ந்தார்கள். எண்களில் மதிப்பிடச் சொன்னால் மேற்பார்வையாளர்கள் கிட்டத்தட்ட எல்லோரையும் உச்சத்தில் வைத்துவிடுகிறார்கள். அவர்களையே உட்காரவைத்து, ‘உங்களிடம் வந்த மாணவர்களைப்பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் வெளுத்துவாங்குகிறார்கள்: யார் தேறுவார், யார் தேறமாட்டார், ஏன் என்று அத்தனையும் அவர்களுக்குத் தெரியும். எனவே அந்தப் பேச்சிலிருந்தே சில மாணவர்களின் சித்திரங்களைத் தரத்துக்கொன்றாக எழுதி, ‘உங்கள் மாணவர் இவர்களில் யாரைப்போல இருக்கிறார்?’ என்று கேட்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். எண் போடச் சொன்னால் வரும் தாட்சண்யம் கதை சொல்லச் சொன்னால் குறைகிறது. நம் ஊர் மேற்பார்வையாளர்களுக்கு இது அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். மார்க் போடக் கூசுகிறவர்கள், டீக்கடையில் உட்காரவைத்தால் ஒவ்வொரு பிள்ளையையும் பிட்டுப்பிட்டு வைப்பார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1975இல் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் மருத்துவ மாணவர்களுக்கென்று வடிவமைத்த ஆஸ்கி தேர்வு: நோயாளியாக நடிப்பவர் முன்னால் மாணவரை உட்காரவைத்து, என்ன கேட்கிறார், எப்படிக் கேட்கிறார் என்று பார்ப்பது. போகோ குழுவினர் அதைச் சமூகப்பணிக்கும் கொண்டுவந்தார்கள். உண்மையான வீட்டுக்குள் தேர்வாளரைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. மூன்றாவது ஆள் மூலையில் உட்கார்ந்தால் அந்த அக்கா வாயே திறக்கமாட்டார், திறக்கச் சொல்வதும் அநியாயம். நடிக்க ஆளா பஞ்சம்? பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கே தனித்துறை இருக்கிறது. கூத்தும் வில்லுப்பாட்டும் அறிந்த ஊர் இது. பத்து நிமிடம், ஒரு தட்டு, ஒரு அக்கா. சுவரில் இரண்டாவது தட்டு.

சேவை பெறுகிறவரின் பக்கமும் ஒன்று இருக்கிறது; ஆய்க்குடியைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காகத் தொடங்கியது அமர் சேவா சங்கம். அவருக்குச் சிகிச்சையளித்த பாதுகாப்புப் படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். தசைச்சிதைவு உள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்துகொண்டார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: சேவை பெற வேண்டியவர் என்று ஊர் நினைத்தவர் அங்கே தலைவராக உட்கார்ந்திருந்தார். சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டு, தள்ளிக்கொண்டு வந்தவரிடம் “இவருக்கு என்ன செய்யுது?” என்று கேட்கும் பழக்கம் படித்தவர்களிடமும் உண்டு. அதை ஒரு மாணவர் அப்படிப்பட்ட இடத்தில் செய்தால் யாரும் படிவம் நிரப்ப வேண்டிய அவசியம் இருக்காது. மற்ற இடங்களில் சேவை பெறுகிறவரின் வாயை யார் கேட்கிறார்கள்? மதிப்பீட்டில் அவருக்கு ஒரு ஓரம்கூட இல்லை. “இந்தப் பிள்ளை மறுபடி வந்தா உள்ள விடுவீங்களா?” என்று நாலு வீட்டில் விசாரித்தாலே ஆசிரியருக்கு விஷயம் தெரிந்துவிடும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் பள்ளி நல அலுவலர் என்ற பதவியைப் பரிந்துரைத்தது. 500 பேருக்குமேல் படிக்கும் பள்ளிகளில் சாதிப் பாகுபாடு, போதை, பாலியல் தொல்லை ஆகியவற்றைக் கவனிக்கத் தனி ஆள். அப்படி ஒரு பதவி வந்தால் விண்ணப்பிக்கப்போவது இன்றைக்கு நோட்டோடு வைவாவுக்கு நிற்கும் இதே பிள்ளைகள்தான். வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் மாதிரி சமூகப்பணியாளர் அனைவருக்குமான பதிவுக் குழு நம் நாட்டில் இன்னும் இல்லை; 2021ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரப் பணியாளர் சட்டத்துக்குள் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்கள் மட்டும் வந்திருக்கிறார்கள். பள்ளிக்குப் போகிறவரை நிறுத்திப் பார்க்க வழியில் வேறு எந்தச் சாவடியும் கிடையாது. இருக்கிற ஒரே இடம் கல்லூரியின் களப்பணி மதிப்பீடுதான். அங்கே ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்தப்பட்டவருக்கு ஒரு ஏற்பாடு வேண்டும்: இன்னொரு நிறுவனம், இன்னொரு மேற்பார்வையாளர், இன்னொரு பருவம், கூடுதல் கட்டணம் இல்லாமல். அது இல்லாதவரை எந்த ஆசிரியரும் ஒரு பீடித் தொழிலாளி மகளின் ஒரு வருடத்தைப் பறிக்கத் துணியமாட்டார். நானாக இருந்தாலும் துணியமாட்டேன்.

(தொடரும்)