சக்தி எங்கே இருக்கிறது? – 11: கமலாவின் வளையல்

1938இல் தாவிக்கொண்டிருந்த சூப்பர்மேன் 1941இல் கார்ட்டூன் படத்துக்காகப் பறக்க ஆரம்பித்ததோடு போன வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் சக்திமான் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் 'மிஸ் மார்வெல்' தொடரின் ஐந்தாம் எபிசோடை மறுபடி பார்த்துவிட்டேன். இனி அதை எழுதாமல் வேறு எதையும் எழுத ஓடாது.

2022 ஜூன், ஜூலையில் வாரத்துக்கு ஒன்றாக வந்த ஆறே எபிசோடுகள். அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் வளரும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பள்ளி மாணவி கமலா கான். கராச்சியிலிருந்து பாட்டி அனுப்பிய பெட்டியில் ஒரு பழைய வளையல் கிடக்கிறது. எடுத்து மாட்டியதும் அவள் கையிலிருந்து ஒளி கிளம்பிக் கல்போல் கெட்டிப்படுகிறது. அதன்மேல் கால் வைத்து ஏறலாம், நடக்கலாம்.

ஐந்தாவது எபிசோடை இயக்கியவர் ஷர்மீன் ஒபைத் சினாய். குறு ஆவணப் படங்களுக்காக இரண்டு முறை ஆஸ்கர் வாங்கியவர். பாதி நேரத்துக்கு மேல் இதில் சூப்பர் ஹீரோவே கிடையாது. ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் ஹசன், எங்கிருந்தோ வந்து அந்தத் தோட்டத்தில் படுத்துக் கிடக்கும் ஆயிஷா, அவர்களுக்குப் பிறக்கும் சனா என்ற பெண் குழந்தை. இவர்கள் கதைதான். ஃபவாத் கானும் மெஹ்விஷ் ஹயாத்தும் அவசரமில்லாமல் நடித்திருக்கிறார்கள். பிறகு 1947 வருகிறது. கராச்சிக்குப் போகும் கடைசி ரயிலைப் பிடிக்க ஸ்டேஷன் முழுக்க ஜனம். பெட்டி, மூட்டை, கூரைமேல் ஆட்கள். ஆயிஷாவைப் பழைய பகையாளி நஜ்மா குத்திச் சாய்க்கிறாள். குழந்தை அப்பாவைத் தவறவிட்டுக் கூட்டத்தில் அலைகிறது. உயிர் போகும் நேரத்தில் ஆயிஷா வளையலைக் கொண்டு உதவி கேட்கிறாள். பல வருஷம் கழித்துப் பிறக்கப்போகும் கொள்ளுப்பேத்தி கமலா அங்கே வந்து நிற்கிறாள்.

நட்சத்திரங்களின் பின்னால் நடந்துபோய் அப்பாவிடம் சேர்ந்ததாகப் பாட்டி சனா வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த கதையை அந்த வீட்டில் யாரும் முழுசாக நம்பியதில்லை. அந்த நட்சத்திரங்களை வைத்தது பேத்தியின் கை என்று இங்கே தெரிகிறது. ஸ்டேஷனில் கமலா யாரையும் அடிக்கவில்லை. பிரிவினையைத் தடுக்கவும் முயலவில்லை. ஒரு குழந்தையை ஒரு அப்பாவிடம் சேர்க்கிறாள். சூப்பர் ஹீரோ தொடர்களில் நான் பார்த்த காட்சிகளிலேயே உயர்ந்தது இதுதான். அதற்கப்புறம் நிகழ்காலத்துக்குத் திரும்பியதும் எபிசோட் சரிகிறது. அதுவரை கத்தியோடு நின்ற நஜ்மா திடீரென மனம் மாறி உயிரைக் கொடுப்பது நம்பும்படி இல்லை. அந்தப் பாத்திரத்துக்கு இன்னொரு எபிசோடாவது கொடுத்திருக்க வேண்டும்.

இந்தத் தொடர்மேல் காமிக்ஸ் ரசிகர்களுக்குப் பெரிய கோபம் உண்டு. ஜி. வில்லோ வில்சன் எழுதி 2014இல் வெளிவரத் தொடங்கிய மூலக் காமிக்ஸில் கமலாவின் சக்தி வளையலிலிருந்து வருவதில்லை. அவள் உடம்பு நீளும், பெருக்கும், சுருங்கும். தொலைக்காட்சிக்காரர்கள் அதை மாற்றிச் சக்தியை வளையலில் வைத்துவிட்டார்கள் என்று குமுறல். நான் மாற்றியவர்கள் கட்சி. நீளும் உடம்பை யாருக்கும் கழற்றிக் கொடுக்க முடியாது. வளையலைக் கொடுக்கலாம். ஆயிஷா சனாவுக்கு விட்டுப்போகிறாள், சனா கராச்சியிலிருந்து பேத்திக்கு அனுப்புகிறாள். அப்படிக் கை மாறிக் கை மாறி வராவிட்டால் இந்த ஐந்தாம் எபிசோடே கிடையாது.

இந்தத் தொடரை நான் பார்த்தது ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில். உடன் பார்த்த பெண் திண்டுக்கல் பக்கம்; செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைன். இந்த வட்டாரத்தில் அவளைப் போல எத்தனை பேர் என்பதற்கு ஒரு கணக்கு போதும்: 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் திறந்த பெண்கள் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவள், தூங்காமல் உட்கார்ந்து பார்த்தாள். கமலா வளையலை மாட்டும் இடத்தில் சிரித்தாள்.

"அக்கா, எங்க லைன்ல வளையல், மோதிரம் எதுவும் போடக் கூடாது. கழட்டி லாக்கர்ல வச்சுட்டு இதத்தான் மாட்டணும்" என்று இடது மணிக்கட்டைக் காட்டினாள். எலாஸ்டிக் பட்டை இறுக்கிய தடம், வரிவரியாக, சிவப்பு மாறாமல் இருந்தது.

அதுதான் ரிஸ்ட் ஸ்ட்ராப். உள்பக்கம் தோலைத் தொடும் உலோகம். அதிலிருந்து டெலிபோன் ஒயர் மாதிரி சுருண்ட கம்பி. அதன் மறுமுனை மேஜையிலிருக்கும் எர்த் பாயிண்ட்டில். ஷிஃப்ட் தொடங்கும்போது ஒரு மெஷினில் விரலை வைத்துப் பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே விடுவார்கள். நடந்தாலும் துணி உரசினாலும் நம் உடம்பில் நிலைமின்சாரம் சேருகிறது. ஏறத்தாழ 3,000 வோல்ட் வரை அது நமக்கு உறைக்கவே உறைக்காது. செல்போனுக்குள் போகும் சில சிப்புகளுக்கோ 100 வோல்ட்டே எமன். எனவே அவள் உடம்பில் சேருவதை அந்தப் பட்டை சேரச் சேர மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது. கம்பியில் பத்து லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் உண்டு. தப்பித் தவறி அவள் கை மெயின் லைனில் பட்டால் மின்சாரம் அவள் வழியாகப் பாய்ந்துவிடாமல் மறிக்க அது.

இதைக் கேட்டதும் எனக்கு இரும்புக்கை மாயாவி நினைவுக்கு வந்துவிட்டார். இனி இந்த வாரம் அவரை யாரும் தடுக்க முடியாது.

1972 ஜனவரியில் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். மூலம் பிரிட்டிஷ் வார இதழான 'வேலியன்ட்'. 1962 அக்டோபரில் அதன் முதல் இதழிலிருந்தே வாராவாரம் வந்த தொடர். ஆரம்பத்தில் எழுதியவர் கென் புல்மர்; வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. நாயகன் லூயிஸ் கிராண்டேல் ஒரு ஆய்வுக்கூட உதவியாளன். அங்கே நடந்த விபத்தில் வலது கை போய்விடுகிறது. இரும்பில் கை பொருத்துகிறார்கள். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய, ஆளே மறைந்துபோகிறான். அந்தரத்தில் இரும்புக்கை மட்டும் தெரிகிறது. சக்தி தீர்ந்து உருவம் திரும்பினால் மறுபடி மின்சாரத்தைத் தேடி விரலை நீட்ட வேண்டும்.

நம்மில் பலர் மறந்துவிட்ட விஷயம், முதல் கதையில் அவன் வில்லன். கையை இழந்தவனுக்கு மறையும் வரம் கிடைத்ததும் புத்தி பேதலித்துக் கொள்ளையில் இறங்குகிறான். பிற்பாடுதான் திருந்தி உளவாளியாகிறான். பிரஸ் ஷாப்பில் விரல் போனவர்களை இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியும். விபத்துக்கு முன்பும் பின்பும் ஒரே ஆளாக அவர்கள் இருந்ததில்லை. கை போன மனிதனை எடுத்த எடுப்பில் நல்லவனாக்கிவிடாமல், அவன் ஆத்திரத்தை முதலில் எழுதிய அந்தக் கதாசிரியரை இதற்காகவே வணங்குகிறேன்.

மாயாவி கரண்ட்டை உள்ளே வாங்கினால்தான் அவருக்குச் சக்தி. லைனில் நிற்கும் பெண் தன் உடம்பில் சேர்ந்ததையெல்லாம் மண்ணுக்குக் கொடுத்துவிட்டால்தான் போன் உயிரோடு வெளியே போகும். அவளிடம் சொன்னேன். "அப்போ நான் மாயாவிக்கு நேரெதிரா அக்கா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்றாள். என் அண்ணன் வைத்திருக்கும் பழைய பிரதியைக் கேட்டிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு அவன் ஸ்டீல் கரண்டியோடு பிளக் பாயிண்ட்டை நோக்கிப் போனதும், எங்கள் ஆத்தா பின்னாலிருந்து முதுகில் வைத்த அறையும் இன்றும் எங்கள் வீட்டில் பேச்சு.

கரண்டி விவகாரம்தான் சக்திமானுக்கும் வாசல். 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் அவர் சுழலத் தொடங்கி, பிள்ளைகள் அவரைப் பார்த்து விபரீதமான காரியங்களில் இறங்குகிறார்கள் என்ற புகார் எழுந்ததும், அவராக நடித்த முகேஷ் கன்னா அதே வேஷத்தில் திரையில் வந்து பிள்ளைகளிடம் நேராகப் பேசினார். தன்னைப் போலச் செய்யாதே என்று நாயகனே சொல்ல வேண்டிவந்த எபிசோடின் அந்தக் கடைசி நிமிடங்களை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)