காது கொடுப்பவருக்குக் காசு கொடுப்பது யார்?

மனநோய்க்கும் காப்பீடு உண்டு என்கிறது சட்டம். ஆனால் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம். பேச்சுவழிச் சிகிச்சைக்கு, அதுவும் பயிற்சியில் இருப்பவர் தந்தால், சொந்தப் பையில்தான் கை வைக்க வேண்டும்.

மாட்டுங்காவில் பண்டார்கர் சாலை ஆஸ்திக சமாஜத்தின் வாசலில் காலை நேரத்தில் நின்றால் மும்பையில் இருப்பதே மறந்துபோகும். துளசி மாலை, காபிப் பொடி வாசனை, வேட்டி கட்டிய பெரியவர்கள். தரிசனம் முடிந்து கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடக்கும்போது பேச்சு முழங்காலில் தொடங்கி, சர்க்கரைக்குப் போய், கடைசியில் இன்ஷூரன்ஸில் வந்து நிற்கும். எந்தக் கம்பெனி 'கேஷ்லெஸ்' தருகிறது, எது இழுத்தடிக்கிறது என்று எல்லாருக்கும் அத்துப்படி. பிள்ளைகள் அமெரிக்காவில் குடியேறிய பிறகு இரவில் தூக்கம் வருவதில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்று மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னாலும் எந்தக் கம்பெனி காது கொடுக்கும்?

சட்டப்படி கொடுத்தாக வேண்டும். 2017ஆம் ஆண்டு நிறைவேறி, 2018 மே 29 முதல் அமலில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு உண்டோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2018 ஆகஸ்டிலேயே கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கம்பெனிகள் அசையவில்லை. 2020இல் உச்ச நீதிமன்றம் ஆணையத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், மனநோய்க்காக மருத்துவமனையில் இருந்த ஒரு பெண்ணின் கோரிக்கையை நிராகரித்தது செல்லாது என்று ஒரு பொதுத் துறை நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. எல்லா பாலிசிகளும் 2022 அக்டோபர் 31க்குள் சட்டத்துக்கு இணங்க வேண்டும் என்று ஆணையம் கெடு வைத்தது அதற்கும் பிறகுதான். நான்கு வரிச் சட்டத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல்.

இந்த வெற்றியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 'அதே அடிப்படை' என்றால் என்ன? சாதாரண மெடிகிளைம் பாலிசி, 24 மணி நேரம் மருத்துவமனையில் தங்கினால்தான் பணம் தரும். மனநோயில் பெரும்பாலோருக்குப் படுக்கை தேவையில்லை. வாரம் ஒரு முறை ஒருவர் எதிரே உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினால் போதும், சிலருக்குக் கூடவே மாத்திரை. அது புறநோயாளிச் செலவு. புறநோயாளிச் செலவை ஏற்கும் பாலிசிகள் குறைவு, பிரீமியமும் அதிகம்.

அரசுத் திட்டங்களும் இதே வழியில்தான் போகின்றன. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை கிடைக்கும். மனநோய்ச் சிகிச்சைகளும் பட்டியலில் உண்டு. 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த எல்லாருக்கும், வருமானம் பார்க்காமல், அது விரிந்தது. கிங்ஸ் சர்க்கிள் பெரியவர்களிலும் பலர் அட்டை வாங்கத் தகுதியானவர்கள். ஆனால் மருத்துவமனையில் சேராமல் அந்த அட்டை வேலை செய்யாது. மகாராஷ்டிரத்தின் மகாத்மா ஜோதிபா புலே திட்டத்திலும் அடிப்படை அதுதான். தனிமையை எந்த வார்டில் அட்மிட் செய்வது?

மாட்டுங்காவிலிருந்து சயான் பக்கம் கொஞ்ச தூரம் போனால் கதையின் மறு பாதி கிடைக்கும். லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனையை ஊர் சயான் ஆஸ்பத்திரி என்றுதான் அழைக்கிறது. 1947இல் ராணுவக் கொட்டகைகளில் 50 படுக்கைகளோடு தொடங்கியது. 1964 முதல் மருத்துவக் கல்லூரியும் கூடவே. தண்டவாளத்தைத் தாண்டினால் தாராவி. அங்குள்ள தமிழர்களுக்கு, குறிப்பாகத் திருநெல்வேலியிலிருந்து வந்து தலைமுறைகளாக இருக்கும் குடும்பங்களுக்கு, பெரிய வியாதி என்றால் சயான்தான்.

இப்படிப்பட்ட போதனா மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் நோயாளியை முதலில் சந்திப்பவர் பெரும்பாலும் பேராசிரியர் அல்ல. மூன்றாண்டு எம்.டி. படிக்கும் இளம் டாக்டர்தான் கதை கேட்டு, கேஸ் பேப்பரில் எழுதி, மேலே இருப்பவரிடம் கொண்டுபோவார். மருத்துவ உளவியலில் எம்.பில். படிப்பவருக்கும் இரண்டாண்டு மேற்பார்வைப் பயிற்சி உண்டு. அதாவது ஏழைக்குக் கிடைக்கும் மனநலச் சிகிச்சையின் கணிசமான பகுதி பயிற்சியில் இருப்பவர்கள் தருவதுதான். வார்டில் ஒரு நோயாளி காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தால் பணம் மருத்துவமனைக்குப் போகும். கவனித்தது பேராசிரியரா, இரண்டாம் ஆண்டு மாணவரா என்று திட்டம் கேட்பதில்லை. அதே மாணவி வெளியே ஓர் ஆலோசனை மையத்தில் மேற்பார்வையோடு உட்கார்ந்து பேசினால், அவருக்குப் பணம் தரக் காப்பீட்டுத் திட்டத்தில் வழியே இல்லை. சட்டத்தின் பார்வையில் அவர் இன்னும் 'மனநலத் தொழில்முறையாளர்' ஆகவில்லை. மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பை முடித்த பிறகே மருத்துவ உளவியலாளர்.

இந்த எம்.பில்.லுக்கே இப்போது ஆயுள் முடிகிறது. எம்.பில். பட்டங்களை நிறுத்திய பல்கலைக்கழக மானியக் குழு, இதற்கு 2025-26 சேர்க்கை வரை அவகாசம் கொடுத்தது. பதவிப் பெயர்கள் இல்லாத ஆலோசகர்களின் நிலை இன்னும் மங்கல். 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அவர்களைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

பயிற்சியில் இருப்பவரை நம்பலாமா என்பது நியாயமான கேள்வி. கோவாவில் டாக்டர் விக்ரம் படேலும் குழுவினரும் நடத்தி 2010இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பதில் தருகிறது. அதில் நோயாளிகளோடு பேசியவர்கள் உளவியல் மாணவர்கள்கூட அல்ல. சில வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். பின்னால் மேற்பார்வைக்கு ஒரு மனநல மருத்துவர். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு, பதற்ற நோய் உள்ளவர்களில் 100க்கு ஏறத்தாழ 66 பேர் ஆறு மாதத்தில் குணமடைந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 42 பேர்தான். தனியார் கிளினிக்குகளில் இந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உலகத்தில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த நாடு ஜெர்மனி. 1999இல் நடைமுறைக்கு வந்த அங்குள்ள சட்டப்படி, உளச்சிகிச்சை பயில்பவர் குறைந்தது 600 மணி நேரம் நோயாளிகளுக்குச் சிகிச்சை தர வேண்டும். அதற்கு 150 மணி நேர மேற்பார்வை. நாலுக்கு ஒன்று. பயிற்சி நிறுவனத்தின் புறநோயாளிப் பிரிவில் இது நடக்கும். பொதுக் காப்பீட்டு நிதி நிறுவனத்துக்குப் பணம் தரும். கூடவே மனநல மருத்துவமனையில் செய்ய வேண்டிய பயிற்சிக் காலத்தில் பலருக்குக் கூலியே கிடைக்காமல் போனதால் பல ஆண்டுகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2019இல் சட்டத்தைத் திருத்தித்தான் பயிற்சி முறையை மாற்றினார்கள். ஆஸ்திரேலியா நேர்மாறு. அங்கு 2006 முதல் உளவியலாளரிடம் பேசப் பொதுக் காப்பீடு பணம் தருகிறது. பயிற்சி நிலையில் உள்ள 'தற்காலிகப் பதிவு' உளவியலாளரிடம் போனால் தருவதில்லை. அதை மாற்றச் சொல்லி உளவியலாளர் சங்கம் கேட்டுவந்திருக்கிறது.

இந்தியாவுக்கு எது பொருந்தும்? 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய ஆய்வு, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் மனநோய் உள்ளவர்கள் என்று கண்டது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், சிகிச்சை கிடைக்காதவர்கள் 70 முதல் 92 சதவீதம் வரை. மனநல மருத்துவர்களோ லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. இத்தனை பேருக்கும் பட்டம் முடித்த நிபுணர்தான் வேண்டும் என்று காத்திருக்க முடியாது. ஆனால் மேற்பார்வை என்பது பேராசிரியரின் கையெழுத்தாக மட்டும் சுருங்கினால், பணக்காரனுக்கு நிபுணர், ஏழைக்கு மாணவர் என்று ஆகிவிடும். ஜெர்மனி போல மேற்பார்வை மணிகளை எண்ணி, பணத்தை மாணவருக்கு அல்லாமல் மருத்துவமனைக்குத் தருவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதைப் புறநோயாளிப் பிரிவிலிருந்து தொடங்க வேண்டும்.

பணம் வந்தாலும் தீராத ஒன்று மொழி. நீட் தேர்வில் எங்கிருந்தோ வந்து சேர்ந்த இளம் டாக்டருக்கு இந்தி தெரியும், மராத்தி கொஞ்சம் தெரியும். எதிரே இருக்கும் தாராவிப் பெண்ணோ, "நெஞ்சு படபடங்குது, மனசு ஒரு நெலையில இல்லை" என்கிறாள். மொழிபெயர்க்கப் பள்ளிக்கூடம் போகும் மகள். கணவனைப் பற்றி மகள் வாயிலாக என்ன சொல்வாள்? தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு போவாள். 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையை (14416) அழைத்தால் தமிழிலும் பேசலாம், இலவசம். பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மேலே நிபுணரிடம் அனுப்புவார். முகம் பார்த்துப் பேசுவதற்கு அது ஈடாகாதுதான். ஆனால் மகள் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு சங்கடம். பயிற்சியில் இருப்பவர் தங்க மாட்டார். சில மாதங்களில் அவருக்கு வேறு பிரிவு, படிப்பு முடிந்தால் வேறு ஊர். புதிதாக வந்தவர் கேஸ் பேப்பரைப் புரட்டிவிட்டு, "என்ன பிரச்சினை, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்பார். ஐந்தாறு பேர் கையெழுத்து மாறிய அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக மடித்துக்கொண்டு, சயான் வராந்தாவின் பெஞ்சில் அடுத்த வாரமும் வந்து உட்கார்வார்கள்.