அடம் அன்று, அவதி

திருமண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு அழும் குழந்தையைக் கண்டால், "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்; இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும்" என்றே பலரும் கூறுவர். இச்சொற்களுக்கு அஞ்சி, விசேஷங்களுக்குச் செல்வதையே கைவிட்ட பெற்றோர் பலரை நாங்கள் புறநோயாளர் பிரிவில் சந்திக்கிறோம்.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. வளர்ப்பு முறையோ தடுப்பூசியோ அதற்குக் காரணம் அன்று. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றை மற்றவர்களைவிட மிகக் கூர்மையாக உணர்கின்றனர். குக்கர் விசிலும், சட்டைக் கழுத்திலுள்ள லேபிளும்கூட அவர்களுக்குத் தாங்கொணாத் துன்பமாகலாம். அத்துன்பம் எல்லை மீறும்போது குழந்தை தன் கட்டுப்பாட்டை இழக்கிறது.

அடம்பிடிக்கும் குழந்தைக்கு ஒரு நோக்கம் உண்டு. கேட்டது கிடைத்ததும் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அவதியுறும் குழந்தையோ எதைக் கொடுத்தாலும் எளிதில் அமைதியடைவதில்லை. அந்நேரத்தில் அதட்டலும் அறிவுரையும் அதன் சுமையைக் கூட்டவே செய்யும். அடித்தால் அச்சம் மட்டுமே மிஞ்சும்.

அப்போது செய்ய வேண்டியவை சில. குறைவாகவும் தாழ்ந்த குரலிலும் பேசுங்கள். இரைச்சலும் வெளிச்சமும் குறைந்த இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். தலையை மோதிக்கொள்ளாதவாறு தலையணை வையுங்கள். ஆபத்து இருந்தாலன்றி வலிந்து பிடிக்காதீர்கள். அருகிலேயே பொறுமையாகக் காத்திருங்கள். அமைதியடைந்தபின் தண்ணீரும் ஓய்வும் போதும். உடனே விசாரணை வேண்டாம்.

தடுப்பதற்கு உதவும் எளிய கருவி ஒரு குறிப்பேடு. இரண்டு வாரங்களுக்கு, அழுகை தொடங்கிய நேரம், இடம், அதற்கு முன் நிகழ்ந்தது, அடங்கிய விதம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே புலப்படும். அன்றைய நிகழ்ச்சிகளைப் படங்களாக வரிசைப்படுத்தி முன்கூட்டியே காட்டுவதும், வெளியே செல்கையில் ஒலி குறைக்கும் காதணைகளை அணிவிப்பதும் பலருக்குப் பயன் தருகின்றன.

வழக்கத்திற்கு மாறாக இந்நிலை திடீரென மிகுந்தால், பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கக்குறைவு ஆகியவை உள்ளனவா என ஆராய வேண்டும். பேச இயலாத குழந்தை வலியை இவ்வாறே தெரிவிக்கக்கூடும். கண்கள் நிலைகுத்துதல், கைகால் வெட்டுதல் ஆகியவை வலிப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பள்ளியில் அமைதியான ஓர் இடம் கேட்பது சலுகை வேண்டுவதாகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது. அரசு நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் குழந்தையின் தேவைக்கேற்ற வசதிகளை அளிக்க வேண்டும் என அச்சட்டம் கூறுகிறது.

இப்பொறுப்பைத் தாய் ஒருவரே சுமக்கும் இல்லங்கள் பல. தந்தையும் தாத்தா பாட்டியும் இம்முறைகளைக் கற்றுக்கொண்டு, முறை வைத்து அவருக்கு ஓய்வளியுங்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது குறிப்பேட்டையும் கொண்டுவாருங்கள். காத்திருப்போர் கூடத்தின் இரைச்சல் உங்கள் குழந்தைக்குத் தாங்காதெனில், வந்தவுடன் செவிலியரிடம் தயங்காமல் கூறுங்கள்.