“உம் மேல தப்பில்ல கண்ணு!” - சிகிச்சை தொடங்குவது இங்கேதான்

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியோடு போன அப்பாவும், நாமக்கல்லிலிருந்து லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போன அப்பாவும் வீடு திரும்பப் பல வாரங்கள் ஆகும். குமாரபாளையம் பக்கம் என்றால், அம்மாவுக்கும் விசைத்தறியில் ஷிஃப்ட். இந்த ஓட்டத்தில், குழந்தை திடீரென்று தூக்கத்தில் அலறுவதும், ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அழுவதும் ‘அடம்’ என்றே தோன்றலாம்.

இதற்கெல்லாம் பாலியல் துன்புறுத்தல்தான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால், அப்படியும் இருக்கலாம். 2007-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, துன்புறுத்தியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள். அதனால்தான் குழந்தைகள் சட்டென வாய் திறப்பதில்லை. ஆண் குழந்தைகளும் இதற்கு விலக்கல்ல.

குழந்தை சொல்லிவிட்டால், “அங்க ஏன் போன?” என்று கேட்காதீர்கள். “சொன்னது நல்லதாப் போச்சு. உம் மேல தப்பில்ல கண்ணு” என்பதே முதல் மருந்து.

என்ன சிகிச்சை?

ஆய்வுகளில் நல்ல பலன் தந்த ஒன்று, அதிர்ச்சியிலிருந்து மீட்கும் பேச்சு சிகிச்சை. அமெரிக்காவில் ஜூடித் கோஹன், ஆன்டனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகியோர் உருவாக்கியது. வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். எடுத்த எடுப்பில் நடந்ததைச் சொல்லச் சொல்லமாட்டார்கள். பயம் வரும்போது மனதை அமைதிப்படுத்த முதலில் கற்றுத்தருவார்கள். பிறகு பேசியோ, எழுதியோ, வரைந்தோ கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவருவார்கள். ‘என்னாலதான் நடந்தது’ என்ற எண்ணம் அப்போது கரையும். பெற்றோருக்கும் தனியாக அமர்வு உண்டு.

யாரை அணுகுவது?

குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் அணுகலாம்.

போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைப்பது குற்றம். ஆனால் அவசர சிகிச்சை தர, போலீஸ் கடிதம் கொண்டுவா என்று மருத்துவமனை கேட்கக்கூடாது. வாக்குமூலம் வாங்கும் போலீஸார் சீருடையில் வரக்கூடாது. குழந்தையின் வீட்டுக்கே வந்து வாங்கலாம். குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக்கூடாது.

‘ஊர் என்ன பேசும்?’ என்பது பெரியவர்களின் கவலை. ‘வீடு என்னை நம்புமா?’ என்பதுதான் குழந்தையின் கவலை. முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.