முன் அச்சின் நக்கிள்: எதில் சிக்கனம், எதில் கூடாது?

பழைய ஜீப்பின் முன் சில்லுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், வழுவழுப்பான உருக்குப் பந்து ஒன்று தெரியும். சில்லுடன் சேர்ந்து திரும்பும் கனத்த இரும்புக் கூடு அதைக் கவ்வியபடி இருக்கும். இந்தக் கூட்டையே ஸ்ரியறிங் நக்கிள் என்கிறோம். பந்தின்மேல் மெல்லிய கிறீஸ் பூச்சு மட்டும் இருந்தால் நல்லது. கறுப்பு ஒயில் வழிந்து பிறேக்கையும் ரயரையும் நனைத்திருந்தால், உள்ளே வேலை இருக்கிறது என்பது பொருள்.

பல குடும்பங்கள் சேர்ந்து விதைநெல்லும் உரமும் ஏற்ற, அவசரத்துக்கு நோயாளியைக் கொண்டுசெல்ல என்று வைத்திருக்கும் வண்டியில் இதை அசட்டை செய்ய இயலாது. இடப்பெயர்வின்போது ஆண்டுக்கணக்கில் மரத்தடியில் நின்ற வண்டிகளில் றப்பர் சீல்கள் காய்ந்து வெடித்திருக்கும். அவற்றை ஓட்டத் தொடங்குமுன் நக்கிளைத் திறந்து பார்ப்பது அவசியம்.

உதாரணத்துக்கு ரொயோட்டா லாண்ட் குறூசரை எடுத்துக்கொள்வோம். 1980 முதல் 1990 வரை வந்த 60ஆம் தொடர் வண்டியின் நக்கிள், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கூம்பு உருளை பெயாரிங்குகளில் திரும்புகிறது. உள்ளே, சில்லைச் சுழற்றும் பேர்ஃபீல்ட் மூட்டு கிறீசில் அமர்ந்திருக்கிறது. அச்சுக் குழாயில் உள்ள உட்சீல் டிபரன்ஷல் ஒயிலை அப்பால் மறித்து நிற்கிறது. பந்தைத் துடைத்தபடி இருக்கும் கம்பளி வளையமும் றப்பர் வளையமும் சேற்றையும் நீரையும் வெளியே வைத்திருக்கின்றன.

உட்சீல் போனால் ஒயில் நக்கிளுக்குள் வந்து கிறீசைக் கரைத்து வெளியே வழியும். பலர் மேலும் மேலும் கிறீஸ் அடிக்கிறார்கள். அது உடைந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் கூட்டிவிடுவது போன்றது. வெளி வளையம் போனால் நீர் உள்ளே போகும். ஓடிச் சூடான அச்சு ஆற்றிலோ வாய்க்காலிலோ இறங்கியதும் திடீரெனக் குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்றுச் சுருங்குகிறது. அச்சின் மேலுள்ள சிறு மூச்சுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தால், அந்தக் காற்றின் இடத்தை நிரப்பச் சீல் வழியே நீர் உறிஞ்சப்படும். அதே அடைப்பு, அச்சுச் சூடாகும்போது ஒயிலைச் சீலுக்கு வெளியே தள்ளும். ஆகவே புதுச் சீல் வாங்க முன்னர் மூச்சுத்துளையைத் துப்புரவாக்குங்கள். அதற்குச் செலவே இல்லை.

பெயாரிங் தேய்வதற்குக் காரணம் வேறு. வண்டி பெரும்பாலும் நேரேதான் ஓடுகிறது. உருளைகள் ஒரே இடத்தில் நின்று குழி பறிக்கின்றன. கிறீசும் கெட்டுவிட்டால் சொல்லத் தேவையில்லை. ஸ்ரியறிங் நடுவில் வந்து ‘கடக்’ என்று விழும். ஒரு குறித்த வேகத்தில் முன்பக்கம் பயங்கரமாக ஆடும். சோதிக்க, சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, மேலும் கீழுமாகப் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிறேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பழுது ஹப் பெயாரிங்கில். அதை இறுக்கினாலே போதுமாகலாம். நிற்காவிட்டால் பெரும்பாலும் நக்கிள் பெயாரிங்தான்.

கழற்றும்போது பின்சில்லுகளுக்குக் கல் வைத்து, அச்சின் கீழ் உறுதியான தாங்கி கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி எவரும் கீழே படுக்கக் கூடாது. பிறேக் கலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். ஹப், அதன் பின்னுள்ள ஸ்பிண்டில், பேர்ஃபீல்டுடன் கூடிய தண்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஸ்ரியறிங் கையின் நட்டுகளின் கீழ் கூம்பு வோஷர்கள் இறுகி இருக்கும். நட்டைத் தளர்த்தி, சில புரிகளில் விட்டபடி, பித்தளைத் துண்டு வைத்துத் தட்டினால் கூம்புகள் துள்ளி வரும். உளி போட்டு நெம்பினால் பாகம் கெடும்.

மேலும் கீழும் உள்ள மெல்லிய ஷிம் தகடுகளை எந்த இடத்தில் இருந்தனவோ அப்படியே குறித்து வையுங்கள். பெயாரிங்கின் இறுக்கத்தையும் தண்டு நடுவே நிற்பதையும் அவைதாம் தீர்மானிக்கின்றன. புதுப் பெயாரிங் போட்டு, பந்து வளையங்களை இறுக்குமுன், கையின் நுனித் துளையில் விற்தராசைக் கொளுவிச் செங்குத்தாக இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்கும்போது 3 முதல் 6 கிலோ வரை காட்ட வேண்டும். குறைந்தால் ஒரு தகட்டை எடுங்கள், கூடினால் சேருங்கள்.

இனிச் செலவு. உட்சீல், வளையத் தொகுதி, நக்கிள் பெயாரிங்குகள் நான்கும் புதிதாகவே வேண்டும். பெயாரிங்கை அதன் வெளிக் கிண்ணத்துடன் சேர்த்து மாற்றுங்கள். பழைய கிண்ணத்தில் புதிய பெயாரிங் போடுவது காசைக் கொட்டும் வேலை. சிக்கனம் செய்யக்கூடிய இடம் பேர்ஃபீல்ட். முழுதாகத் திருப்பி நான்கு சில்லில் ஓட்டும்போது அது ‘டக் டக்’ என்றால் தேய்ந்திருக்கிறது. வெடிப்பு இல்லாவிட்டால், மூட்டை உள்தண்டிலிருந்து பிரித்து இடதை வலத்துக்கும் வலதை இடத்துக்கும் மாற்றலாம்; முன்னோக்கி ஓடும் பாரம் தேயாத பக்கத்தில் விழும். பந்தில் துரு இருந்தால் மெல்லிய அரத்தாளால் தேய்த்து மினுக்குங்கள். சொரசொரப்பு புதிய வளையத்தைச் சில வாரங்களில் தின்றுவிடும்.

எல்லாப் பாகங்களையும் மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பந்து வளையங்களை நக்கிள் ஏற்ற முன்னரே பந்தின் பின்னே மாட்ட வேண்டும். மறந்தால் முழு வேலையும் மறுபடி. தண்டைத் திரும்பச் செலுத்தும்போது அதன் பாரம் புதுச் சீலில் அழுந்தாதவாறு கையால் தாங்குங்கள். நக்கிளுக்கு மொலிப்டினம் கலந்த கிறீஸ், கொள்ளளவில் முக்கால் பங்கு போதும்.

கடைசியாக, ஸ்ரியறிங் கையின் நட்டுகள். சில்லைத் திருப்பும் விசை முழுவதும் இவற்றின் வழியே போகிறது. தளர்ந்து ஓடினால் ஸ்ரட் முறியும். முறிந்தால் வளையத்தைத் திருப்பினாலும் சில்லு திரும்பாது. பின்னால் ஏறியிருக்கும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். புரி கெட்ட ஸ்ரட்டையும் நசிந்த கூம்பையும் திரும்பப் போடாதீர்கள். புரியில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, முறுக்கு அளவிடும் ஸ்பனரால் இறுக்குங்கள். இல்லாவிட்டால் கராஜில் ஒரு நிமிடம் இரவல் கேளுங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பார்த்து, டிபரன்ஷல் ஒயிலின் மட்டத்தையும் சரிபார்க்கவும்.