கொதிகலன் அழுத்தக் குறைவு

கொதிகலன் அழுத்தக் குறைவு என்பது, வீடுகளை வெப்பமாக்கும் மூடிய சுடுநீர்ச் சுற்றில் நீரின் அழுத்தம் தேவையான அளவுக்குக் கீழே இறங்கிவிடும் நிலையாகும். ஐக்கிய இராச்சியத்தில் பெரும்பாலான வீடுகள் எரிவாயுக் கொதிகலனால் வெப்பமூட்டப்படுகின்றன. அங்கு குளிர்காலத்தில் அடிக்கடி நேரும் வீட்டுப் பழுதுகளுள் இதுவும் ஒன்று. குழாயைத் திறந்து சிறிது நீர் சேர்த்தால் அழுத்தம் உடனே மீண்டுவிடும். ஆனால் இது அறிகுறியை நீக்குமேயன்றிக் காரணத்தை நீக்காது.

சுற்று இயங்கும் விதம்

கொதிகலனில் சூடாகும் நீரை ஒரு பம்பு அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்புகிறது. வெப்பத்தை இழந்த நீர் மீண்டும் கொதிகலனுக்கே வந்து சேர்கிறது. (கொதிகலன் எனப்பட்டாலும் இதில் நீர் கொதிப்பதில்லை.) குளிக்கவும் சமைக்கவும் பயன்படும் நீர் இதனுடன் கலப்பதில்லை. சுற்றிலுள்ள நீர் ஆண்டுக்கணக்கில் அதே நீராகவே இருக்க வேண்டும்.

பழைய அமைப்புகளில் கூரையின் கீழ் மிதவை வால்வுடன் கூடிய சிறு தொட்டி ஒன்று இருக்கும். கசிவால் குறையும் நீரை அது தானாகவே ஈடுசெய்துவிடுவதால், கசிவு நெடுநாள் வெளித்தெரியாமல் இருக்கக்கூடும். மூடிய சுற்றில் அத்தகைய தொட்டி இல்லை. இழந்த நீர் இழந்ததுதான்; அழுத்தமானியின் முள் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். அவ்வகையில் முள் இறங்குவது பயனுள்ள எச்சரிக்கையே.

சுற்று குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். 10 மீட்டர் உயர நீர்த்தூண் ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தரும். கீழ்த்தளத்தில் கொதிகலனும் அதற்கு 5 மீட்டர் மேலே ரேடியேட்டரும் இருந்தால், அங்கு நீர் எட்டுவதற்கே 0.5 பார் தேவை. அழுத்தம் மிகவும் குறைந்தால் பல கொதிகலன்கள் தாமாகவே நின்றுவிடும். நீர் போதாமல் வெப்பமாற்றி அளவுமீறிச் சூடாவதைத் தடுப்பதற்கான ஏற்பாடு இது.

விரிவுக்கலன்

நீர் 10 பாகை செல்சியசிலிருந்து 80 பாகைக்குச் சூடாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 3 விழுக்காடு கூடுகிறது. 100 லிட்டர் நீருள்ள சுற்றில் இது சுமார் 3 லிட்டர். நீரை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆகவே விரியும் நீருக்கு இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவது விரிவுக்கலன். இதன் நடுவே ஓர் இரப்பர் சவ்வு உண்டு. ஒருபுறம் சுற்றின் நீர், மறுபுறம் காற்று அல்லது நைதரசன். நீர் விரியும்போது காற்று சுருங்கி இடம் கொடுக்கும்.

ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்று சிறிது சிறிதாகக் குறைந்துவிடும், அல்லது சவ்வு கிழியும். அப்போது சூடேறியவுடன் முள் விரைந்து ஏறும். 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து, சுவருக்கு வெளியே செல்லும் குழாய் வழியாக நீரை வெளியேற்றும். பின்னர் சுற்று குளிர்ந்ததும் முள் சுழிக்கு அருகே வீழும். சூட்டில் ஏறியும் குளிரில் வீழ்ந்தும் முள் ஊசலாடினால், விரிவுக்கலனையே முதலில் ஐயுற வேண்டும். திறந்து மூடிய வால்வில் துகள் சிக்கிச் சொட்டத் தொடங்குவதும் உண்டு; அவ்வாறாயின் ஒரு பழுது இரண்டாகிவிடும்.

காற்றடைக்கும் வால்வு மகிழுந்துச் சக்கரத்தில் உள்ளதைப் போன்றதே. அதன் ஊசியை அழுத்தும்போது நீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது எனக் கொள்ளலாம். காற்று மட்டும் குறைந்திருந்தால், சுற்றின் நீரழுத்தத்தை முழுதும் நீக்கிய பின்னரே காற்றை அளந்து அடைக்க வேண்டும். நீக்காமல் அளந்தால் நீரின் அழுத்தமே அளவாகத் தெரியும்.

கசிவு

சூடாயினும் குளிராயினும் முள் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் காரணம் பெரும்பாலும் கசிவு. ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் பச்சை அல்லது துருக் கறை அதற்குச் சான்று. தரைப் பலகைகளின் கீழுள்ள கசிவைக் கண்டறிவது கடினம். வெளிக்குழாயின் வாயில் ஒரு பிளாத்திக்குப் பையைக் கட்டி வைத்தால் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறதா என அறியலாம். வெப்பமாற்றியில் வெடிப்பு ஏற்பட்டால் நீர் ஒடுக்கநீர்க் குழாய் வழியே சென்றுவிடும்; வீட்டில் எங்கும் ஈரம் தெரியாது. ரேடியேட்டரில் சேர்ந்த காற்றை வெளியேற்றிய பின் அழுத்தம் குறைவது மட்டும் இயல்பானது.

நீர் சேர்த்தல்

கொதிகலனை நிறுத்தி, குளிர்ந்த பின்னரே நீர் சேர்க்க வேண்டும். பல வீடுகளில் குளிர்நீர்க் குழாயையும் சுற்றையும் இணைக்கும் வளையும் குழாய் ஒன்று இருக்கும். அதன் இரு வால்வுகளையும் மெதுவாகத் திறந்து, முள் 1 முதல் 1.5 பாருக்குள் வந்ததும் இறுக மூட வேண்டும். சரியாக மூடாவிடில் அழுத்தம் ஏறி மீண்டும் பாதுகாப்பு வால்வு திறக்கும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1999 ஆம் ஆண்டின் நீர் இணைப்பு விதிகளின்படி, இத்தகைய தற்காலிக இணைப்பைப் பயன்பாட்டுக்குப் பின் கழற்றிவிட வேண்டும். சுற்றின் அழுக்கு நீர் குடிநீருக்குள் திரும்பாதிருக்கவே இவ்விதி.

ஆண்டுக்கு ஓரிரு முறை நீர் சேர்ப்பதால் கேடில்லை. வாரந்தோறும் சேர்ப்பதே கேடு. புதுநீர் கரைந்த ஆக்சிசனைக் கொண்டுவருகிறது; அது எஃகு ரேடியேட்டர்களை உள்ளிருந்து அரிக்கிறது. அரிப்பில் உண்டாகும் கரிய மாக்னட்டைட்டுச் சேறு பம்பையும் வெப்பமாற்றியையும் அடைக்கிறது. முன்னர் சேர்த்திருந்த அரிப்புத் தடுப்பானும் நீர்த்துப்போகிறது. தென்கிழக்கு இங்கிலாந்து போன்ற கடின நீர்ப் பகுதிகளில் சுண்ணப் படிவும் சேரும். இவ்வாறு மலிவான சவ்வொன்றின் பழுது, கவனிக்கப்படாமையால் கொதிகலனையே மாற்ற வேண்டிய செலவாக வளரக்கூடும்.

நீர் சேர்ப்பதும் ரேடியேட்டரின் காற்றை நீக்குவதும் வீட்டார் செய்யக்கூடியவை. கொதிகலனின் உறையைக் கழற்றுவது அத்தகையதன்று. பல கொதிகலன்களில் அவ்வுறையே எரிகழி வளிமங்கள் அறைக்குள் புகாமல் தடுக்கிறது. அது சரியாகப் பொருந்தாவிடில் மணமற்ற நச்சு வளிமமான கார்பன் மோனாக்சைடு வீட்டினுள் பரவலாம். விரிவுக்கலன் பெரும்பாலும் இவ்வுறைக்குள்ளேயே இருப்பதால் அதன் பழுதுபார்ப்பும் பயிற்சி பெற்றவருக்கே உரியது. பெரிய பிரித்தானியாவில் அத்தகையோர் 'கேசு சேப்' பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். இப்பதிவேடு 2009 ஏப்ரல் 1 அன்று முந்தைய 'கோர்கி' பதிவேட்டுக்கு மாற்றாக நடைமுறைக்கு வந்தது.